புண்ணை ஆற்றும் புழு ‘போதும்’ என்று சொல்லுமா?



சென்ற மாதம் படிவம் நான்கு வகுப்பில் காயம் ஆறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கையைத் தூக்கினார். “டீச்சர், குடல்ல இருக்கிற பூச்சியிலேர்ந்து எடுத்த புரதத்தைத் தடவினா புண்ணு சீக்கிரம் ஆறுதாம். போன்ல படிச்சேன்.” வகுப்பில் பாதிப் பேர் “சீ!” என்று முகத்தைச் சுளித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் சுளிக்கவில்லை. “எங்க தாத்தா கால் புண்ணுக்கு அது கிடைக்குமா டீச்சர்?” என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. “இன்னும் வரல” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினேன்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் தாத்தாவின் காலைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு அது போதுமான பதிலும் இல்லை. ஆகவே மீதியை இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் புரதத்தைப் பார்த்து அருவருப்படையத் தேவையில்லை, ஆனால் அதை அவசரப்பட்டுக் கேட்கவும் கூடாது. “எவ்வளவு சீக்கிரம் ஆறும்?” என்று எல்லாரும் கேட்கிறோம். “ஆறிய பிறகு அது நிற்குமா?” என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இரண்டாவது கேள்விதான் உயிரைக் காக்கும் கேள்வி.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் பாட்டிக்கு இனிப்பு நீர் இருந்தது. நான் படிவம் ஐந்து படித்துக்கொண்டிருந்த ஆண்டு, அவர் செருப்புக்குள் சின்னக் கல் ஒன்று கிடந்தது தெரியாமல் ஒரு நாள் முழுவதும் நடந்திருக்கிறார். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் வலி தெரியவில்லை. இரவில் பார்த்தால் கட்டை விரலுக்கு அடியில் ஒரு கொப்புளம். முதலில் மஞ்சள் வைத்தார்கள். பிறகு காப்பித் தூள். பிறகு பக்கத்து வீட்டு அம்மா லங்காவியிலிருந்து வாங்கி வந்த காமாட் எண்ணெய். மூன்று வாரம் கழித்து வாடை வரத் தொடங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் அந்த இடம் ஆற ஐந்து மாதம் ஆனது. கிளினிக்கில் மிஸ்ஸி கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு புண் ஐந்து மாதமாக ஒரே மாதிரி சிவந்து, ஈரமாக, மூடாமல் இருப்பதைப் பார்ப்பது விசித்திரமான அனுபவம். ஏன் அது மூட மறுக்கிறது என்ற கேள்விதான் என்னை அறிவியல் பக்கம் தள்ளியது என்று நினைக்கிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6 விழுக்காடு. குறைந்திருக்கிறது, ஆனாலும் ஏறத்தாழ ஆறு பெரியவர்களில் ஒருவர். உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார்.

சாதாரணக் காயம் எப்படி ஆறுகிறது? வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் இரத்தத் தட்டணுக்கள் கூடி அடைப்புப் போடுகின்றன. அடுத்து வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த உயிரணுக்களையும் விழுங்குகின்றன. அந்த இடம் வீங்கிச் சிவந்து சூடாகிறதே, அது இந்தத் துப்புரவு வேலை நடக்கும் அடையாளம். சில நாளில் துப்புரவு முடிந்ததும் கட்டுமான வேலை தொடங்குகிறது. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. கொலாஜன் என்னும் நார்ப்புரதம் பின்னப்படுகிறது. ஓரங்களிலிருந்து தோல் உயிரணுக்கள் பெருகி நடுவை நோக்கி நகர்கின்றன. கடைசியில், மாதக்கணக்கில், அந்த இடம் இறுகித் தழும்பாகிறது. தழும்பு எவ்வளவு நன்றாக ஆறினாலும் பழைய தோலின் வலிமையில் 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

இந்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. உயிரணுக்களுக்குக் காதும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. அவை புரதங்களைக் கொண்டுதான் பேசிக்கொள்கின்றன. ‘பெருகு’ என்று சொல்லும் புரதங்களை வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். ‘அடங்கு, சண்டை போதும்’ என்று சொல்லும் புரதங்களும் உண்டு. இனிப்பு நீர் முற்றியவர்களின் காலில் இரத்த ஓட்டம் குறைந்து, நரம்பு கெட்டு, வெள்ளை அணுக்களின் வேலையும் குழம்பிப்போகிறது. புண் துப்புரவுக் கட்டத்திலேயே மாட்டிக்கொள்கிறது. கட்டுமானக்காரர்களுக்கு உத்தரவு போய்ச் சேருவதே இல்லை. பாட்டியின் காலில் ஐந்து மாதமாக நான் பார்த்தது அதைத்தான்.

அப்படியானால் அந்த உத்தரவை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? இங்கேதான் புழு வருகிறது.

இதற்கு நாம் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானுக்குப் போக வேண்டும். அங்கே கோன் கென் என்று ஒரு மாநிலம். அந்த ஊர்ப்பக்கத்தில் ‘கொய் ப்லா’ என்று ஓர் உணவு உண்டு. ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், மூலிகை இலைகள் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். நெல் வயலில் வேலை செய்யும் குடும்பங்களின் அன்றாடச் சாப்பாடு அது. சிக்கல் என்னவென்றால், கெண்டை இனத்து ஆற்று மீன்களின் தசையில் கல்லீரல் தட்டைப்புழுவின் குஞ்சுப் பருவம் உறைக்குள் ஒளிந்திருக்கும். எலுமிச்சைச் சாறு அதைக் கொல்வதில்லை. அடுப்பில் நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். பச்சையாகச் சாப்பிட்டால் அது குடலில் உறையை விட்டு வெளியேறி, கல்லீரலிலிருந்து பித்தநீர் வரும் சிறு குழாய்களுக்குள், அதாவது பித்தநாளங்களுக்குள், ஏறிக் குடியேறிவிடும். புழு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம்தான். ஆனால் பத்தாண்டுக்கும் மேல் உயிரோடு இருக்கக்கூடியது. அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, நீரில் நத்தைக்குள் போய், நத்தையிலிருந்து மீனுக்குப் போய், மறுபடியும் மனிதருக்கு வருகிறது. அறிவியல் பெயர் ஒபிஸ்தோர்கிஸ் விவெரினி. மேகோங் ஆற்றுப் பகுதி நாடுகளில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் உடலில் இது இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தப் புழுவுக்கு உறிஞ்சிகள் உண்டு. அவற்றால் பித்தநாளச் சுவரைப் பற்றிக்கொண்டு மேய்கிறது. மேயும் இடமெல்லாம் புண். இப்போது யோசித்துப் பாருங்கள். பத்தாண்டு ஓரிடத்தில் இருந்து சுவரைக் கிழித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சுவர் என்னவாகும்? இரத்தம் கசியும், கிருமி ஏறும், வீடே இடிந்துவிடும். வீடு இடிந்தால் குடியிருக்கும் புழுவுக்கும் சாவுதான். ஆகவே கிழித்த இடத்தை ஒட்டுப்போடும் வசதி எந்தப் புழுக்களிடம் இருந்ததோ, அவை தலைமுறை தலைமுறையாக அதிகம் பிழைத்தன. (தேர்வில் “புழு வீட்டைக் காப்பாற்ற நினைத்தது” என்று எழுதிவிடாதீர்கள். புழு எதையும் நினைக்கவில்லை. இயற்கைத் தேர்வு என்று எழுதினால்தான் மதிப்பெண் தருவேன்.)

அந்த ஒட்டுப்போடும் வசதி என்ன என்பதைக் கண்டவர்கள் ஆஸ்திரேலிய, தாய்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் அடங்கிய ஒரு குழுவினர். ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் ஸ்மௌட், அலெக்ஸ் லூக்கஸ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். புழு தன் உடலிலிருந்து கிரானுலின் என்னும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. நம் உடலிலும் கிரானுலின் வகைப் புரதம் இருக்கிறது. நம் காயங்கள் ஆறுவதில் அதற்கும் பங்கு உண்டு. புழுவின் புரதம் அதை ஒத்திருப்பதால் நம் உயிரணுக்கள் ஏமாந்து, ‘பெருகு’ என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றன. 2009இல் இதைச் சோதனைக்கூடத்து உயிரணுக்களில் காட்டினார்கள். 2015இல் எலியின் தோலில் காயம் உண்டாக்கி இந்தப் புரதத்தைத் தடவியபோது காயம் வழக்கத்தைவிட விரைவாக மூடியது. புதிய இரத்தக் குழாய்களும் முளைத்தன.

கவனியுங்கள். இவர்கள் மருந்து தேடிப் போனவர்கள் அல்லர். நோயைத் தேடிப் போனவர்கள். ஏனென்றால் கோன் கென் வட்டாரம் உலகிலேயே பித்தநாளப் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று. 1994ஆம் ஆண்டிலேயே அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்தப் புழுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சிகரெட் புகை இருக்கும் அதே பிரிவு. கோன் கென் பல்கலைக்கழகத்தின் கல்லீரல் அறுவை மருத்துவர் நரோங் குன்டிகியோவின் தாய் தந்தை இருவருமே இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள். அவர் பின்னாளில் கிராமம் கிராமமாகப் போய் மக்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார். பச்சை மீன் வேண்டாம் என்று சொன்னால் கிழவர்கள், “எப்படியும் சாகத்தானே போகிறோம்” என்பார்களாம். நம் தாத்தாக்கள் வெல்லம் போட்ட காப்பியைப் பற்றிச் சொல்வதும் இதையேதான்.

ஆக, எந்தப் புரதம் புண்ணை மூடுகிறதோ, அதே புரதம் புற்றுநோய்க்கும் துணை போகிறது என்ற ஐயம் வலுவானது. 2015 கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். 2019இல் இன்னொரு படி போனார்கள். கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறையால் புழுவின் கிரானுலின் மரபணுவைச் சிதைத்து, அந்தப் புழுக்களை ஹேம்ஸ்டர் என்னும் சிறு பிராணிகளுக்குள் விட்டுப் பார்த்தார்கள். சாதாரணப் புழு ஏறிய பிராணிகளைவிட இவற்றின் கல்லீரலில் கேடு குறைவாக இருந்தது. கிரானுலின் மட்டுமே குற்றவாளி என்று இதற்குப் பொருளில்லை. ஓயாத வீக்கம், உணவிலிருந்து வரும் சில வேதிப்பொருள்கள் என்று கூட்டாளிகள் பலர் உண்டு. ஆனால் அதற்கும் பங்கு இருக்கிறது.

இதில் வியப்புக்கு இடமில்லை என்பது என் எண்ணம். புண் ஆறுவதும் புற்றுநோயும் ஒரே வேலையின் இரண்டு முடிவுகள். இரண்டிலும் உயிரணுக்கள் பெருகுகின்றன, இடம் விட்டு நகர்கின்றன, புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. புண்ணில் ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டதும் வேலை நிற்கிறது. புற்றில் நிற்பதில்லை. பித்தநாளத்தில் புழு பத்தாண்டு, இருபதாண்டு உட்கார்ந்துகொண்டு ‘பெருகு, பெருகு’ என்று இரவு பகலாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ‘போதும்’ என்று அது சொல்வதே இல்லை.

சரி, மாணவர் போனில் படித்த செய்தி எது? அது வேறு புழு. எலியின் குடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்டஸ் பாலிகைரஸ் என்னும் உருளைப்புழு. (பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம்.) அதன் குஞ்சுகள் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அதற்கும் பிழைக்க ஒரு தந்திரம் தேவை. நம் உடலில் எதிர்ப்பு அணுக்களை அடங்கச் சொல்லும் டிஜிஎஃப்-பீட்டா என்னும் புரதம் உண்டு. 2017இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக் மைசல்ஸ் குழுவினர், இந்தப் புழு அதைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரப்பதைக் கண்டறிந்தார்கள். அதற்கு டிஜிஎம் என்று பெயர். அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டு புரதங்களுக்கும் வடிவத்தில் கொஞ்சமும் உறவில்லை. வீட்டுச் சாவியைப் பார்த்து நகல் எடுத்த கள்ளச்சாவி இல்லை இது. எங்கோ கிடந்த வேறொரு கம்பி அதே பூட்டைத் திறக்கிறது. 2025இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த டிஜிஎம்மை எலிகளின் தோல் காயத்தில் நாள்தோறும் தடவினார்கள். காயம் விரைவாக மூடியது, தழும்பு குறைந்தது, அந்த இடத்தில் மயிர்க்கால்கள்கூட மீண்டும் முளைத்தன. தழும்பில் மயிர் முளைக்காது என்பதை உங்கள் முழங்காலைப் பார்த்தாலே தெரியும். ஆகவே இது சின்ன விஷயமில்லை. உடல் ஒட்டுப்போடுவதோடு நிற்காமல் பழைய தோலையே திரும்பக் கட்டத் தொடங்கியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் “அப்படியானால் உடனே கொடுக்கலாமே!” என்று மனம் துடிக்கிறது. எனக்கும் துடித்தது. ஆனால் ஒரு பழைய கதை இருக்கிறது.

நம் இரத்தத் தட்டணுக்கள் சுரக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியைச் செயற்கையாகத் தயாரித்து, ரெக்ரானெக்ஸ் என்ற பெயரில் ஒரு களிம்பு வந்தது. இனிப்பு நீர்க்காரர்களின் கால் புண்ணுக்காகவே வந்த களிம்பு. 1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. புழு கிழு எதுவும் இல்லை, மனிதப் புரதம்தான். 2008இல் அதே நிர்வாகம் அந்தக் களிம்பின் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை அச்சிடச் சொன்னது: மூன்று குழாய் அல்லது அதற்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோய் மரணம் கூடுதலாகத் தெரிகிறது என்று. பிறகு மேலும் பல ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்ததில் அந்த அச்சம் உறுதிப்படவில்லை. 2018இல் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு களிம்பைப் பற்றி, மனித உடலுக்குச் சொந்தமான ஒரு புரதத்தைப் பற்றி, மனம் தெளிய 21 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அந்த 21 ஆண்டுகளைச் சிலர் வீண் என்பார்கள். “விஞ்ஞானிகள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு மாற்றிச் சொல்வார்கள்” என்று சிரிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நேர்மையாகத் தோன்றுகிறது. ஐயம் வந்ததும் வெளியே சொன்னார்கள். ஐயம் தீர்ந்ததும் அதையும் சொன்னார்கள். மஞ்சளும் காப்பித் தூளும் காமாட் எண்ணெயும் பாட்டியின் காலில் என்ன செய்தன என்று எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று வாரம் போன பிறகு, போனது போனதுதான்.

புழுப் புரதத்திலும் இந்த எச்சரிக்கையோடு வேலை நடக்கிறது. கிரானுலின் முழுதாகத் தயாரிப்பதற்குக் கடினமான புரதம். அதன் மடிப்புகளைச் சரியாக மடிக்க வேண்டும். ஆகவே ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகக் குழுவினர் அதை வெட்டிச் சுருக்கி, 24 அமினோ அமிலங்கள் மட்டும் கொண்ட ஒரு துண்டைச் செய்து 2017இல் வெளியிட்டார்கள். எலியின் காயத்தில் அந்தத் துண்டும் வேலை செய்தது. துண்டாக்குவதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: புழுவை நாம் பித்தநாளத்திலிருந்து எழுந்து போகச் சொல்ல முடியாது, களிம்பைத் தடவுவதை நிறுத்த முடியும். எவ்வளவு தடவுவது, எத்தனை நாள் தடவுவது என்பது நம் கையில் இருக்கும். ‘போதும்’ என்று புழு சொல்லாவிட்டால் மருத்துவர் சொல்லலாம். ஆனால் எத்தனையாவது நாளில் சொல்ல வேண்டும் என்பதை எலியிடம் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள இயலாது. நான் மேலே சொன்ன புழுச் சோதனைகள் எல்லாம் உயிரணுக்களிலும் சிறு பிராணிகளிலும் நடந்தவை. எலியின் தோல் தளர்வானது. காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிவிடும். நம் தோல் அப்படிச் சுருங்குவதில்லை. எழுபது வயது இனிப்பு நீர்க்காரரின் பாதம் என்பதோ இன்னும் வேறு.

அருவருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. “சீ” என்றவர்களுக்குச் சொல்கிறேன்: களிம்பில் புழு இருக்காது. மரபணுவை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் தயாரிக்கும் புரதம் அது. இன்சுலினையும் அப்படித்தான் தயாரிக்கிறார்கள். உயிருள்ள புழுவையே புண்ணில் விடும் சிகிச்சையும் நம் நாட்டில் உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சுத்தமாக வளர்த்த ஈப்புழுக்களை விட்டு, அழுகிய தசையை மட்டும் தின்ன வைத்துக் கால் புண்களைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். விரலை எடுப்பதா, ஈப்புழுவை விடுவதா என்று கேட்டால் என் பாட்டி எதைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மறுவாரம் அந்த மாணவியைத் தனியாக அழைத்து, தாத்தாவுக்கு இப்போது கிடைக்கக்கூடியவை என்ன என்று சொன்னேன். தினமும் இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் ஒருவர் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கலாம். காலைப் போடுவதற்கு முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சின்னப் புண்ணாக இருந்தாலும் எதையும் அப்பாமல் சுத்தமான துணியால் மூடி அன்றைக்கே கிளினிக்கிற்குப் போக வேண்டும். சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாமல் எந்தக் களிம்பும் முழுதாக வேலை செய்யாது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

மூன்று நாள் கழித்து அவரே ஆசிரியர் அறைக்கு வந்தார். தாத்தா வலது காலைக் காட்டியிருக்கிறார். இடது காலில் மட்டும் வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து கழற்றிப் பார்த்ததில் குதிகாலில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு புண் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. “நாளைக்கு அப்பா லீவு போட்டுட்டு கிளினிக்குக் கூட்டிட்டுப் போறாரு டீச்சர்,” என்றார். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, “அந்தப் புழு மருந்து வந்தா எனக்குச் சொல்லுங்க,” என்றார். சொல்கிறேன் என்றேன்.